வேகன் ஆருக்குள் இரண்டு மின் சைக்கிள் போகுமா?

கொட்டகலையான்

வணக்கம். கேள்வியை முதலில் போட்டுவிடுகிறேன், கதை அப்புறம். என்னிடம் இருப்பது ஜப்பான் வேகன் ஆர். மின் சைக்கிள் இரண்டு. ஒன்று 26 அங்குலச் சில்லு, மோட்டர் பின் சில்லின் நடுவில், பெட்டரியோடு 24 கிலோ (வீட்டுத் தராசில் நான் ஏறி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஏறி, கழித்துப் பார்த்தது). மற்றது 20 அங்குல மடக்கு சைக்கிள், 19 கிலோ, மனைவியுடையது. இரண்டையும் காருக்குள்ளேயே ஏற்றி, நாங்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, வெலிமடை, பொரலந்தை வழியாக ஹப்புத்தளை போக வேண்டும். காரை அங்கே விட்டுவிட்டு தம்பேதென்ன தோட்டத்தின் வழியாக லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனை வரை சைக்கிளில் ஏறி இறங்குவது திட்டம்.

பின் சீட்டை மடக்கி நாடா பிடித்துப் பார்த்தேன். முன் சீட் சாதாரணமாக இருக்கும்போது பின்னால் 130 செ.மீ. சொச்சம் கிடைக்கிறது. பெரிய சைக்கிள் முன் சில்லைக் கழற்றின பிறகும் 145 வருகிறது. மூலைக்கு மூலை சாய்த்துப் படுக்க வைத்தால் போகிறதுதான், ஆனால் அதுவே தரை முழுக்கப் பிடித்துக்கொள்கிறது, மடக்கு சைக்கிளை அதன் மேலேதான் போட வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

கதை இதுதான். 2022இல் கியூஆர் கோட் வைத்து காருக்கு வாரம் 20 லீட்டர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த காலத்தில்தான் முதல் சைக்கிளை வாங்கினேன். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், போய்வர அதுவே போதும் என்று பழகிவிட்டது. பிறகு அந்தத் தட்டுப்பாடு தீர்ந்தது, ஆனால் சைக்கிள் ஆசை போகவில்லை. மனைவிக்கும் ஒன்று வாங்கின பிறகு ஊரைச் சுற்றியே எத்தனை நாள் ஓட்டுவது?

மூணுசில்லு

அண்ணே, இதுக்கு ஏன் இவ்வளவு மண்டைக் குழப்பம், டிமோ பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பிடித்து சைக்கிளை அதில் ஏற்றி விடுங்கள், நீங்கள் காரில் சொகுசாகப் பின்னால் போங்கள். இல்லாவிட்டால் காரின் பின் கதவில் மாட்டுகிற ஸ்டாண்ட் விற்கிறார்களே, பட்டி போட்டு இழுத்துக் கட்டுவது, அது ஒன்று வாங்கலாம். நான் என் த்ரீவீலில் சாதாரண சைக்கிளை எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன், பின் சில்லு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான்.

வெலிமடை அக்கா

பின் கதவு ஸ்டாண்ட் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். நான் வாங்கி அடிபட்டவள். பெட்டியின் மேலே படத்தில் மூன்று சைக்கிள் தொங்கும், உள்ளே துண்டுச் சீட்டில் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்று சின்னதாக அச்சடித்திருப்பார்கள். அது சாதாரண சைக்கிளுக்குச் செய்தது. 24 கிலோவை அதில் தொங்க விட்டு ஹக்கலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அது ஆடுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பெரிய தண்டனை. கதவு ஓரத்தில் தகரம் நெளிந்ததுதான் மிச்சம். விற்ற கடைக்காரர் "மலை ரோட்டுக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். வெலிமடையில் வேறு என்ன ரோடு இருக்கிறதாம்?

போதாததற்கு நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறைந்துவிடும், பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல முடியாது. கூரை மேலே ஏற்றுவதும் சரிவராது. வேகன் ஆர் உயரமான கார், அதன் உச்சிக்கு 24 கிலோவைத் தூக்க வாட்டசாட்டமான ஆட்கள் இருவர் வேண்டும்.

இப்போது நான் ஹோண்டா ஃபிட் கார் வைத்திருக்கிறேன். அதில் பெற்றோல் தாங்கி முன் சீட்டுக்குக் கீழே இருப்பதால் பின் சீட்டின் உட்காரும் பலகையை மேலே தூக்கி நிறுத்திவிடலாம், தரையிலிருந்து கூரை வரை காலி இடம். மடக்கு சைக்கிளை அப்படியே நிறுத்தி வைப்பேன். வேகன் ஆரில் அந்த வசதி இல்லை, ஆனால் உள்ளே உயரம் நிறைய உண்டு. அதை யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.

லயத்துப் பையன்

கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். சைக்கிளில் போகத்தானே சைக்கிள்? அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், இறக்கி, ஓட்டி, மறுபடியும் காரில் ஏற்றிக்கொண்டு வருவது, பல்லக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போகிற மாதிரி இருக்கிறது. மோட்டர் வேறு இருக்கிறது. கொட்டகலையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே? இறக்கத்தில் சார்ஜும் ஏறும் என்கிறார்கள்.

கண்டி வயரிங்

தம்பி, கேள்வி நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் 75, சைக்கிள் 24, பையும் தண்ணீரும் சேர்த்து 110 கிலோ என்று வைத்துக்கொள். கொட்டகலை சுமார் 1,240 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். ஏற்றம் 630 மீட்டருக்குக் குறையாது, நடுவில் இறங்கி ஏறுவதையெல்லாம் சேர்க்கவே இல்லை. 110 கிலோவை 630 மீட்டர் தூக்க மட்டும் 190 வாட்-மணி அளவு மின்சாரம் வேண்டும். மோட்டரில் சூடாகப் போகிற நட்டம், டயர் உராய்வு, எதிர்க்காற்று எல்லாம் சேர்த்தால் 300ஐத் தொடும். இந்த மாதிரி சைக்கிளில் வருகிற 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பெட்டரி என்றால் மொத்தமே 360. ஆக, நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பிளக் பாயிண்ட் தேட வேண்டும். ஹப்புத்தளை இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

காரில் ஹப்புத்தளை வரை கொண்டுபோனால் கதையே வேறு. ஹப்புத்தளை 1,430 மீட்டர், லிப்டன் சீட் 1,970. முழு பெட்டரியோடு தொடங்கி, காலையும் கொஞ்சம் மிதித்தால் ஏறி முடித்த பிறகும் மிச்சம் இருக்கும். மிதிக்காமல் மோட்டரையே நம்பினாலும் 250 பக்கம்தான் போகும்.

இறக்கத்தில் சார்ஜ் ஏறுகிற கதை: இந்த விலைச் சைக்கிள்களில் அதிகம் வருவது உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டர் (ஹப் என்பது சில்லின் நடுக் குடம்). அதில் ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. இறக்கத்தில் சில்லு சும்மா சுற்றும், மோட்டர் சுற்றாது, ஒரு சொட்டு மின்சாரமும் திரும்பாது. பல்சக்கரம் இல்லாத கனமான மோட்டரில் திரும்பும், அதுவும் சிறு பங்குதான்.

லயத்துப் பையன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். பல்லக்கைத் தூக்குங்கள்.

பழைய ஸ்பேனர்

நான் பண்டாரவளைப் பக்கம் கராஜ் வைத்திருந்தவன், இப்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். கொட்டகலைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நீ சைக்கிளைப் படுக்க வைத்துப் பார்ப்பதுதான் பிழை. நிற்க வை.

முன் சில்லைக் கழற்றினதும் முன் ஃபோர்க் (சில்லைப் பிடிக்கிற கவை) தரைக்கு இறங்கிவிடும், அதோடு ஹாண்டிலும் ஓரடிக்கு மேல் கீழே வரும். சீட்டைக் கம்பியோடு உருவி எடுத்துவிடு. இப்போது அந்தச் சைக்கிளில் உயரமான இடம் எது? பின் சில்லின் மேல்பக்கமும் ஹாண்டில் கழுத்தும்தான், இரண்டும் 70, 80 செ.மீ.க்குள். டிக்கி வாயால் தாராளமாகப் போகும். ஹாண்டில் கழுத்தில் இருக்கிற எலன் கீ ஆணிகளைத் தளர்த்தி ஹாண்டிலைச் சைக்கிளின் நீளத்துக்குத் திருப்பிவிடு. தளர்த்தும் முன் பேனையால் ஒரு கோடு போட்டு அடையாளம் வை, இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது சைக்கிள் நண்டு மாதிரி ஓடும். பெடல் இரண்டும் 15 நம்பர் ஸ்பேனர். இடது பெடலின் மரை தலைகீழ், அதை மறந்து பலத்தைக் காட்டி மரையைத் தின்ன வைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஸ்பேனரை மேல்நோக்கிப் பிடித்து பின் சில்லுப் பக்கம் தள்ளு, இரண்டு பெடலும் கழன்றுவிடும், இடம் வலம் நினைவில் வைக்கத் தேவையில்லை.

இப்படி நிறுத்தினால் சைக்கிள் பிடிக்கிற அகலம் ஒரு அடி. மிச்ச இடத்தில் மடக்கு சைக்கிள் தாராளமாக நிற்கும்.

பின் சில்லைக் கழற்றத் தேவையில்லை, கழற்றவும் வேண்டாம். மோட்டர் வயர் அச்சுக்குள்ளிருந்து வருகிறது, அந்த இடத்தில் ஒரு தடவை நசுங்கினால் மோட்டர் போன மாதிரிதான். அச்சின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிற பல்லு வாஷரைத் திசை மாற்றிப் பூட்டி, முதல் ஏற்றத்திலேயே அச்சு சுழன்று வயரை முறுக்கி அறுத்துக்கொண்டு வந்த பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

கொட்டகலையான்

ஐயா, இப்போதே போய் நிறுத்திப் பார்த்தேன்! உயரம் போகிறது, அகலம் போகிறது. நீளம்தான் இன்னும் 15 செ.மீ. இடிக்கிறது. பக்கத்துச் சீட்டை முழுவதும் முன்னால் தள்ளினால் சரியாகிறது. அங்கே உட்காருபவர் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். என் மனைவி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதைச் சொன்னபோது அவள் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

இன்னொரு சந்தேகம். ஃபோர்க்கைச் சும்மா தரையில் வைத்தால் வளைவில் சாய்ந்துவிடாதா?

பழைய ஸ்பேனர்

சாயும், அதனால்தான் பலகை. பழைய சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட முன் ஹப் ஒன்று வாங்கு, கம்பியெல்லாம் வெட்டி எடுத்து வெறும் ஹப். உன் ஃபோர்க்கின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார். இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு பலகை, முன் சீட் இரண்டின் முதுகிலும் முட்டுகிற நீளம். தண்ணீர்க் குழாய் பிடிக்கிற இரும்பு யு வளையம் இரண்டால் ஹப்பைப் பலகையோடு இறுக்கு. மர ஆணி வேண்டாம், பலகைக்குக் கீழே நட் வருகிற போல்ட் போடு. சைக்கிளை உள்ளே தள்ளி, ஃபோர்க்கை அந்த ஹப்பில் உட்கார வைத்து, சில்லைப் பூட்டுகிற மாதிரியே பூட்டிவிடு. பலகை நீளமாக இருப்பதால் பக்கவாட்டில் புரளாது. பிரேக் அடித்தால் பலகை இரண்டு சீட் முதுகிலும் பரவலாக முட்டும், ஃபோர்க் நுனி சீட்டைக் குத்தாது.

பிரேக் டிஸ்க் என்றால் சில்லைக் கழற்றினதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டைச் செருகு. எண்ணெய் பிரேக்கில் அது இல்லாமல் யாராவது தெரியாத்தனமாக லீவரை அமுக்கினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நடு ரோட்டில் நெம்பிக்கொண்டு நிற்க வேண்டும். கழற்றின சில்லை டிஸ்க் மேல்நோக்கி இருக்கப் படுக்க வை, அதன் மேலே எதையும் வைக்காதே. கிரீஸ் கையால் தொடவும் தொடாதே.

வெலிமடை அக்கா

ஐயாவோடு ஒரு இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். மோட்டர் பின் சில்லில் இருக்கிறது, கனமெல்லாம் அங்கேதான். நீங்கள் சொல்கிறபடி வைத்தால் கனமான பக்கம் டிக்கிக் கண்ணாடியை ஒட்டி நிற்கும். கனம் காரின் நடுவில் இருக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? என் வீட்டுக்காரர் பின் சில்லை முதலில் உள்ளே தள்ளுவார்.

பழைய ஸ்பேனர்

தங்கச்சி சொல்வது பெரிய காருக்குச் சரி. டிக்கி நீளமாகப் பின் சில்லைத் தாண்டிப் போகிற காரில் கனத்தை முன்னுக்குத் தள்ள வேண்டும். வேகன் ஆர் நீளமே 3.4 மீட்டருக்கு உட்பட்டது, நாலு சில்லும் நாலு மூலையில், டிக்கிக் கதவுக்கு நேர் கீழேயே பின் சில்லு. மோட்டர் அங்கே இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? அதோடு பின் சில்லை முதலில் தள்ளினால் ஃபோர்க் டிக்கிப் பக்கம் வரும், பலகையை எதில் முட்டக் கொடுப்பாய்? கண்ணாடிக்கு மட்டும் ஒரு பழைய தலையணையைக் கொடுத்துவிடு.

வெலிமடை அக்கா

தலையணை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை வீட்டுக்காரரிடம் சொல்லப் போவதில்லை, பதினைந்து வருடமாகத் தான்தான் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கட்டுகிற விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்லவில்லையே. போன வருடம் நடந்தது. பக்கத்தில்தானே, பத்து நிமிட ஓட்டம் என்று மடக்கு சைக்கிளைக் கட்டாமல் ஃபிட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ், ஓரமாக ஒடித்து பிரேக் அடித்தேன். சைக்கிள் எழுந்து வந்து முன் சீட்டின் முதுகில் மோதியது, பெடல் என் தலை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் துணியைக் கிழித்துக்கொண்டு நின்றது. நான் போனது இருபது கிலோமீட்டர் வேகம் கூட இருக்காது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் கூடக் குடிக்க முடியவில்லை, கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

கண்டி வயரிங்

அக்கா சொன்னதை எண்ணில் போட்டால் இன்னும் பயமாக இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், கட்டாத 22 கிலோ சைக்கிள் 300 கிலோவுக்கு மேலான விசையோடு முன் சீட்டை உதைக்கும். சாதாரணக் கயிறு அதற்குப் போதாது. லொறிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடுகிற பல்லுப் பூட்டு வைத்த பட்டி, சின்ன அளவில், ஹார்ட்வெயார் கடைகளில் இருக்கிறது. பின் சீட் பெல்ட் கொக்கிகள் காரின் இரும்புச் சட்டத்தோடு பூட்டியவை, பட்டியை அதில் கோர்க்கலாம். சாமான் பை மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கியை நம்ப வேண்டாம். இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் உரசாமல் இருக்க பழைய டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றுங்கள், அதைவிட நல்ல சாமான் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

மூணுசில்லு

சீட்டில் கிரீஸ் படாமல் இருக்க என்ன போடுவது? நான் ஒரு தடவை பெட்ஷீட் போட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லயத்துப் பையன்

படங்கு போடுங்கள் அண்ணே. கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றுகிற அதே படங்குதான். தண்ணீர் இறங்காது, முள்ளுக் குத்தினாலும் கிழியாது, கழுவிப் போட்டால் அடுத்த நாள் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் பழசு மூன்று கிடக்கிறது. இந்த இழையில் நான் சொன்ன உருப்படியான விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, ஏற்றும் முன் டயரையும் பெடலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் ஓட்டிவிட்டு அப்படியே காரில் ஏற்றினால் அட்டையும் சேர்ந்து வரும். தெரிந்தவர் காரில் மூன்று நாள் கழித்து பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் ஒன்று ஊர்ந்ததாம், நல்ல வேளை கார் நின்றுகொண்டிருந்தது.

பதுளை வெயில்

இழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பெட்டரியை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிளிலேயே விட்டு ஏற்றலாமா? எங்கள் ஊரில் பகலில் காரைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் கடைக்குப் போய் வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

இன்னொரு கேள்வி, துபாயில் இருந்து தம்பி வருகிறான், நல்ல பெட்டரி ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?

கண்டி வயரிங்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. விமானத்தில் பயணி கையோடு கொண்டுவரும் லித்தியம் பெட்டரிக்கு 100 வாட்-மணிதான் எல்லை, விமானக் கம்பெனி அனுமதித்தால் 160 வரை. சைக்கிள் பெட்டரி 360க்குக் குறைவாக வருவது அரிது. தம்பியை விமான நிலையத்தில் அலைய விடாதீர்கள்.

முதல் கேள்விக்கு, கழற்றத்தான் வேண்டும், அதுவும் ஏற்றுகிற வேலையில் முதல் வேலையாக. இரண்டரை, மூன்று கிலோ அங்கேயே குறைகிறது. 24 கிலோவைக் குனிந்து தூக்குவதற்கும் 21 கிலோவைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் நாற்பது வயதைத் தாண்டிய முதுகுக்கு நன்றாகத் தெரியும். கழற்றின பெட்டரியைத் துவாயில் சுற்றி முன் சீட்டின் கால் வைக்கிற இடத்தில் வையுங்கள். வேகன் ஆரில் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இழுக்கிற பெட்டி ஒன்று உண்டே, மடக்கு சைக்கிளின் சின்ன பெட்டரி அதில் உட்காரும் என்று நினைக்கிறேன், அளந்து பாருங்கள். ஸ்பேனர், எலன் கீ இருக்கிற பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெட்டரியின் முனையில் இரும்பு குறுக்கே விழுந்தால் பொறி பறக்கும்.

வெயில் விஷயத்தில் பதுளைக்காரர் சொல்வது நியாயம். இந்த பெட்டரிகளின் தாளில் சார்ஜ் ஏற்ற 0 முதல் 45 பாகை, ஓட 60 பாகை வரை என்று போட்டிருப்பார்கள். பூட்டிய கார் வெயிலில் 60ஐத் தொடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சாப்பிட இறங்கினால் பெட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள், பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். நுவரெலியாவில் நேர்மாறு, விடியற்காலைக் குளிரில் முழுச் சார்ஜ் போட்டதும் கொஞ்சம் குறைந்த மாதிரிக் காட்டும், பயப்பட வேண்டாம், சூடு ஏறினால் சரியாகிவிடும்.

கீழே விழுந்து அடிபட்டது, உப்பினது, இனிப்பு மாதிரி ஒரு இரசாயன வாசனை வருகிறது என்றால் அந்த பெட்டரியைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. லித்தியம் பற்றிக்கொண்டால் மண் போட்டு அணைக்கலாம் என்று நினைத்து நிற்க வேண்டாம். காரை ஓரம் கட்டுங்கள், இறங்குங்கள், தள்ளிப் போங்கள்.

மூணுசில்லு

ரயிலில் போட்டால் என்ன? முன்பு பார்சல் பெட்டியில் சைக்கிள் ஏற்றுவார்களே.

வெலிமடை அக்கா

நானும் முன்பு ஏற்றியிருக்கிறேன் தம்பி. 2025 நவம்பர் புயலில் மலையகப் பாதை அடிபட்ட பிறகு எந்த ரயில் எதுவரை போகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலை. ரோட்டையும் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது, மழை நாளில் மண் சரிவுக்கு நேரம் காலம் கிடையாது.

கொட்டகலையான்

எல்லோருக்கும் நன்றி. பலகை தயாராகிவிட்டது, பழைய ஹப் ஹட்டனில் ஒரு சைக்கிள் கடையில் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். எடைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஜப்பானில் ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று வைத்துத்தான் நாலு பேருக்கு மொத்த எடையைப் பதிவு செய்வார்களாம், அப்படியானால் 220. நான் 78, மனைவி 54, சைக்கிள் இரண்டும் 43, பலகை, பை எல்லாம் 10. தாண்டவில்லை. 658 சிசி எஞ்சின் ரதல்ல ஏற்றத்தில் என்ன சொல்லப் போகிறதோ தெரியாது. மகள் தன்னையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். மூன்றாவது ஆளுக்குச் சீட்டே இல்லை, பாட்டி வீட்டில் விடப் போகிறோம். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பழைய ஸ்பேனர்

நல்லது. இறக்கத்தில் கியரைக் கீழே போட்டு இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பாதே, வழக்கத்தைவிடக் கனம் கூட. முதல் பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி பட்டியை ஒரு தடவை இழுத்துப் பார், முதல் குலுக்கலில்தான் தளரும். பெட்டரிச் சாவியைக் கார்ச் சாவியோடு கோர்த்து வை.

கொட்டகலையான்

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை நாலரைக்கு ஏற்றத் தொடங்கினேன். முதல் நாள் பழகிப் பார்த்ததால் கால் மணி நேரத்தில் முடிந்தது. படங்கு விரித்து, பலகை வைத்து, பெரிய சைக்கிளை நிறுத்திப் பூட்டி, மடக்கு சைக்கிளை என் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டுக்கும் தனித்தனிப் பட்டி. ஐயா சொன்னபடி தலவாக்கலையில் நிறுத்திப் பார்த்தேன், ஒரு பட்டி உண்மையிலேயே விரல் அளவு தளர்ந்திருந்தது. அதற்கப்புறம் ஹப்புத்தளை வரை ஒன்றும் அசையவில்லை. ஹக்கலை இறக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன், ஒரு சத்தமும் இல்லை. நடுக் கண்ணாடியில் பின் ரோடு பாதிதான் தெரிந்தது, பக்கக் கண்ணாடியை வைத்து ஓட்டினேன். ஏற்றத்தில் எஞ்சின் முனகியது, ஆனால் ஏறிவிட்டது. மனைவி முழங்காலை மடக்கிக்கொண்டு நுவரெலியா வரை ஒன்றும் சொல்லவில்லை, நுவரெலியாவுக்கு அப்புறம் சொன்னாள்.

ஹப்புத்தளையில் எட்டரைக்கு இறக்கிப் பூட்டினோம். ஹாண்டில் கோட்டுக்கு நேராக வந்தது, பெடல் சரி, பிரேக் சரி, பெட்டரியை உட்கார வைத்தேன், அது பாட்டுக்கு உட்கார்ந்தது. சாவியைத் தேடினேன். என் பெட்டரியைச் சாவி போட்டுத் திருப்பினால்தான் கரண்ட் வரும். காலையில் பெட்டரியைக் கழற்றிய கையோடு சாவியைக் கேட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மனைவி தன் சாவியை வீட்டுச் சாவிக் கொத்தோடு கோர்த்து வைத்திருந்தாள். ஐயா எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான்.

அப்புறம் என்ன, அவள் மடக்கு சைக்கிளில் ஏறிப் போனாள். நான் கரண்ட் இல்லாத 24 கிலோவைத் தம்பேதென்ன ஃபெக்டரி வரை மிதித்தேன். 1890இல் கட்டிய அந்த ஃபெக்டரி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, அதைக் கட்டின காலத்தில் மூட்டையைத் தலையில் வைத்து ஏறின நம் ஆட்களைத்தான் நினைத்தேன். அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர், என்னால் ஆகாது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள், பெட்டரியில் இன்னும் இரண்டு கட்டை மிச்சம், மேலே மூடுபனி விலகி நாலு பக்கமும் தெரிந்ததாம், படம் காட்டினாள். இறக்கத்தில் பிரேக் டிஸ்க் சூடாகி வாசனை வந்ததால் இரண்டு இடத்தில் நின்று ஆற விட்டாளாம், அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வெலிமடை அக்கா

அந்தத் தங்கச்சியை இங்கே சேரச் சொல்லுங்கள், நீங்கள் வேண்டாம்.

லயத்துப் பையன்

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. பல்லக்கை அண்ணன் தூக்கினார், அக்கா போனார்.

பழைய ஸ்பேனர்

பலகையில் எத்தனை போல்ட் போட்டாய்?

கொட்டகலையான்

நாலு, ஐயா. ஒன்றும் அசையவில்லை. அடுத்த மாதம் வரை பலகை சும்மாதான் கிடக்கும், இந்தப் பக்கம் யாராவது வேகன் ஆரில் ஏற்றுவதாக இருந்தால் வந்து எடுத்துப் போகலாம். கேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே.